ஓலைப் பெட்டி முடைவது கணக்கு வேலைதானே?

ஏப்ரல் 2

ஓலைப் பெட்டி முடைவதைக் கைவேலை என்கிறார்கள். எனக்கு அது கணக்கு வேலை என்றுதான் படுகிறது. குறுக்கே இத்தனை ஓலை, நெடுக்கே இத்தனை ஓலை, ஒன்று மேலே, ஒன்று கீழே. இதில் கைக்கு அப்படி என்ன சாமர்த்தியம் வேண்டியிருக்கிறது? 22 ஆண்டுகள் வரவு செலவுப் புத்தகம் எழுதியவனுக்கு ஒரு பெட்டி வராதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்பது என் கணிப்பு. மறுப்பவர்கள் இந்த இணைய உரையாடல் இழையிலேயே மறுக்கலாம்.

பதநீர்ப் பருவம் என்பதால் பனையேறுகிறவர் ஒருவர் நாலு குருத்தோலையும் நாருக்காக இரண்டு மட்டையும் கொண்டுவந்து போட்டார். சொல்லிக்கொடுக்க ஆச்சி இருக்கிறாள். அம்மாவின் சித்தி, தேரிக்காட்டுப் பக்கம் பிறந்தவள். வயது 80-ஐத் தாண்டியிருக்கும். கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு கணக்குச் சொல்வாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எதற்கு ஐயா உனக்கு இந்த வேலை?"

ஏப்ரல் 3

மறுத்திருக்கிறீர்கள். பதினோரு பேர். "ஞாயிறு முடிந்ததும் எழுதுங்கள்" என்று மட்டும் ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தத் தொனி எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 6

ஞாயிறு முடிந்தது. பெட்டி இல்லை. கட்டை விரலில் துணிக்கட்டு இருக்கிறது.

ஓலை தயாராகவே இல்லை. வெட்டி வந்த குருத்தை அப்படியே எடுத்து முடைய முடியாது என்பது எனக்குத் தெரியாது. மடிந்து கிடக்கும் விசிறியைப் பிரித்து, ஒவ்வொரு ஓலையாகக் கிழித்து எடுக்க வேண்டும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஈர்க்கு ஓடுகிறது. அதன் அடியில் கத்தி முனையால் ஒரு கீறு கீறி, பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு ஆச்சி ஒரே இழுப்பில் உருவிவிடுகிறாள். நான் இழுத்தால் பாதியில் ஈர்க்கு ஒரு பக்கத்து ஓலையையும் பிய்த்துக்கொண்டு வருகிறது. ஈர்க்கு போனபின் ஒரு ஓலை இரண்டு ஏடாகிறது. பிறகு வெயில். இளம் மஞ்சள் நிறம் மங்கி வெளுக்கும்வரை இரண்டு மூன்று நாள் கிடக்க வேண்டும்.

விரலைக் கிழித்தது ஓலை அன்று, மட்டை. அதன் இரு விளிம்பிலும் ஓடும் கருக்கு ரம்பம்போல இருக்கும் என்று படித்திருக்கிறேன். உவமை என்று நினைத்திருந்தேன். பழைய காலத்தில் காதலுக்காகப் பனைமடலில் குதிரை செய்து ஏறினார்களாமே, அந்தத் தலைவன்மார்மீது இன்று முதல் எனக்குத் தனி மரியாதை.

ஏப்ரல் 9

வெயிலில் கிடந்த ஓலை சுருண்டுவிட்டது. பயந்துபோனேன். சுருள்வது இயல்புதான், இரவில் முற்றத்திலேயே விட்டுவிடு என்றாள் ஆச்சி. விடிகாலைப் பனியில் தொட்டுப் பார்த்தால் துணிபோல் குழைந்திருந்தது. அப்போதே ஒவ்வொன்றாக விரலிடுக்கில் விட்டு உருவி, வட்டச் சுருணையாகச் சுற்றி, கட்டி வைத்துவிட்டோம். இரண்டு நாளில் சுருள் போய்த் தட்டையாகிவிட்டது.

அடுத்தது ஒரே அகலமாகக் கிழிப்பது. இங்கே என் மூளை வேலை செய்தது. ஒரு சிறு மரக்கட்டையில் இரண்டு சவர பிளேடுகளைச் சரியாக 1 செ.மீ. இடைவெளியில் பதித்தேன். ஓலையை அதன்மேல் வைத்து இழுத்தால் இருபுறமும் சீவப்பட்டு, அளவெடுத்த நாடாவாக வருகிறது. 40 நாடாக்கள், அரை மணி நேரம். ஆச்சி கத்தியும் நகமுமாக உட்கார்ந்து கண்ணளவில் கிழித்துக்கொண்டிருந்தாள். கட்டையை அவளிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறது" என்று கீழே வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 10

கேட்டவர்களுக்காகத் திட்டம்: குறுக்கே 16, நெடுக்கே 16. ஒவ்வொன்றும் 1 செ.மீ. அகலம். முதலில் 16-க்கு 16 செ.மீ. சதுரப் பாய் முடைய வேண்டும். அதுதான் தரை. அப்புறம் பக்கங்களைத் தூக்கினால் 16 செ.மீ. பெட்டி. ஓலை நீளம் எல்லாவற்றுக்கும் 45 செ.மீ. என்று வெட்டிவிட்டேன். கணக்கு வேலை என்று சொன்னேனே!

ஏப்ரல் 12

மேலே எழுதியதில் இரண்டு தவறுகள். ஒன்றைத்தான் இன்று கண்டுபிடித்திருக்கிறேன். இன்னொன்றைக் கணக்கு ஆசிரியர் ஒருவர் கண்டுபிடித்து, சிரிப்புக் குறியோடு அனுப்பியிருக்கிறார்.

முதல் தவறு நீளம். பெட்டி பாதி உயரம் வருவதற்குள் நடு ஓலைகள் தீர்ந்துவிட்டன. ஓரத்து ஓலைகளோ மிச்சம் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. எல்லாம் ஒரே நீளம்தானே, இது என்ன அநியாயம் என்று அரை மணி நேரம் அதையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 13

புரிந்துவிட்டது. நீளமாக எழுதப்போகிறேன். அவசரக்காரர்கள் கடந்து போகலாம்.

பாயின் நான்கு மூலைகள்தான் பெட்டியின் மூலைகளாகும் என்று நினைத்திருந்தேன். இல்லை. பாயின் நான்கு பக்கங்களின் நட்டநடுப் புள்ளிகள்தான் பெட்டியின் மூலைகளாகின்றன. ஒரு பக்கத்தில் 16 ஓலை முனைகள் வரிசையாக நிற்கின்றன அல்லவா? எட்டாவதும் ஒன்பதாவதும் அதுவரை தோளோடு தோள் ஒட்டி ஒரே திசையைப் பார்த்து நின்றவை. அந்த இரண்டையும் பிடித்து ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே போட வேண்டும். போட்டதும் பாய் அந்த இடத்தில் கிண்ணம்போல எழும்புகிறது. பிறகு ஏழாவது பத்தாவதோடு, ஆறாவது பதினொன்றாவதோடு. இப்படி நான்கு பக்கமும் செய்ய, பாயின் பழைய மூலைகள் நான்கும் முக்கோணமாக மேலே எழுந்து பெட்டியின் சுவர்களில் போய் உட்கார்ந்துவிடுகின்றன.

ஆகவே 16 செ.மீ. பாயிலிருந்து 16 செ.மீ. பெட்டி வராது. நடுப்புள்ளிகளை இணைத்தால் வருகிற சாய்சதுரம்தான் தரை. அதன் பக்கம் 11.3 செ.மீ. பரப்பளவில் சரிபாதி. கணக்கு ஆசிரியர் சிரித்தது இதற்குத்தான். சிரிக்கட்டும்.

நீளமும் இங்கிருந்துதான் வருகிறது. சுவரில் ஓலை நேராக ஏறுவதில்லை, 45 பாகையில் சாய்ந்து ஏறுகிறது. 12 செ.மீ. உயரத்துக்கு நடு ஓலை 17 செ.மீ. நடக்க வேண்டும். இரு முனைக்கும் 34, பாயில் 16, ஆக 50. விளிம்பில் மடக்கிச் சொருகப் பக்கத்துக்கு 8 என்றால் 66. ஓரத்து ஓலையோ பாய் மூலையில் இருப்பதால் ஏற்கெனவே 5.7 செ.மீ. உயரத்துக்குப் போய்விடுகிறது. அதற்குச் சொருகலையும் சேர்த்து 50 போதும்.

இவ்வளவையும் தாளில் போட்டு முடித்து, ஆச்சியிடம் பெருமையாகச் சொன்னேன். "நெட்டை நடுவில், குட்டை ஓரத்தில். இதற்கா தாளும் பேனாவும்?" என்றாள். பத்து வயதில் அவளுக்கு அவளுடைய அம்மா சொன்னதாம். நான் ஓலை வெட்டும்போது இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் கேட்கவில்லையாம்.

ஏப்ரல் 13, இரவு

எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டியதில்லை. இரட்டைப்படையாக இருந்தால் போதும். 14 என்றால் பக்கத்துக்கு ஏழேழு, நடு கச்சிதமாக விழும். ஒற்றைப்படையாகப் போனால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் இரண்டாவது முயற்சியில் ஒரு ஓலை பிய்ந்ததும் 15 போதும் என்று விட்டுவிட்டேன். நடு என்பது ஓலைக்கு நடுவில் விழுந்தது. ஒரு மூலை ஒரு ஓலை தள்ளி எழுந்தது. மேசையில் வைத்தால் கழுத்துச் சுளுக்கியவர்போல ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

ஏப்ரல் 19

மூன்றாவது பெட்டி. எண்ணிக்கை சரி, நீளம் சரி. மூலையில் ஓலை வெடித்தது. ஒன்றல்ல, நான்கு மூலையில் மூன்று. பட்டென்று சத்தம் வேறு.

காரணம் காய்ந்த ஓலை. முடைவதற்கு முன் ஈரம் காட்ட வேண்டும் என்று ஆச்சி சொன்னது நினைவிருந்தது. எவ்வளவு என்று கேட்டேன். "பதமாக" என்றாள். பதம் என்றால்? "பதம் என்றால் பதம்தான் ஐயா." இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நானே ஒரு முடிவுக்கு வந்து, எல்லா ஓலையையும் ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுவதும் போட்டு வைத்திருக்கிறேன். நாளை பாருங்கள்.

ஏப்ரல் 20

அற்புதம்! வெண்ணெய்போல மடிகிறது. ஒரு வெடிப்பு இல்லை. முதல் முறையாக நான்கு மூலையும் எழுந்து, சுவர் ஏறி, இடைவெளி ஒன்றுகூட இல்லாமல் நெருக்கமாக நிற்கிறது. ஊறவைப்பதுதான் ரகசியம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 23

குறித்துக்கொண்டவர்கள் அழித்துவிடுங்கள்.

பெட்டி காய்ந்துவிட்டது. விளக்குக்கு எதிரே பிடித்தால் ஒவ்வொரு கட்டத்தின் நான்கு முனையிலும் ஒளி தெரிகிறது. சல்லடை. தண்ணீரில் ஊறிய ஓலை அகலத்தில் உப்புகிறது, காய்ந்ததும் பழைய அளவுக்குச் சுருங்குகிறது. நான் பெருமைப்பட்ட நெருக்கம் தண்ணீரின் நெருக்கம். ஆச்சி அன்றே வாளியைப் பார்த்தாள். ஏதும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்னொரு செய்தி. மிச்ச ஈர ஓலைகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தேன். மூன்றே நாளில் கரும்புள்ளி பூத்து, பையைத் திறந்தால் வீடு முழுக்க ஒரே முடைநாற்றம். பெட்டி முடைவது என்று யார் பெயர் வைத்தார்களோ, அனுபவித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 27

மேலே எழுதிய வேடிக்கையால் இழை சொல்லாராய்ச்சிக்குத் திரும்பிவிட்டது. இருக்கட்டும், எனக்கும் ஓலை தீர்ந்துவிட்டது.

என்னைப் பொறுத்தவரை முடை என்றால் இத்தனை நாள் பணமுடை மட்டும்தான். எங்கள் பக்கம் முதியவர்கள் மிடைவது என்றும் சொல்வார்கள். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், அங்கே பெட்டியும் பாயும் இழைப்பதுதான் வழக்கம், முடைவது அல்ல என்று எழுதியிருக்கிறார். ஓலையைக் கிழிப்பது அவர்களுக்கு வார்தல். வாரும் சிறு கத்திக்குச் சத்தகம் என்று பெயர். குருத்துக்கு அடுத்து விரியும் ஓலை சார்வோலை. பெரிய கடகப் பெட்டிக்கு நாரால் விளிம்பு கட்டுவது பொத்துதல். ஒவ்வொரு சொல்லும் கையில் எடுத்தால் கனக்கிறது. நான் பிளேடு பதித்த கட்டை என்று எழுதிக்கொண்டிருக்கிறேன், அவர் ஒரே சொல்லில் சத்தகம் என்கிறார். தவிர, இந்த இழை என்பதே இழைத்தலின் உறவுக்காரச் சொல்தானே? நாம் இத்தனை நாளாக உட்கார்ந்து இழைத்துக்கொண்டிருக்கிறோம்.

அவர் சொன்ன இன்னொரு பட்டியல்: பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி, காசும் வெற்றிலையும் வைக்கும் கொட்டப்பெட்டி, பானை வைக்கும் திருகணை. நீத்துப்பெட்டி கூம்பு வடிவம். அதன் கணக்கை யோசித்துப் பார்த்தேன். தலை சுற்றியது, விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 28

ஏட்டுச் சுவடியும் இதே ஓலைதானா என்று கேட்டவருக்கு: பனை ஓலையிலும் எழுதினார்கள், சீதாளப் பனை ஓலையிலும் எழுதினார்கள். பதப்படுத்தும் முறை வேறு. ஆனால் ஓலையின் குணம் ஒன்றுதான்: நீளவாக்கில் நரம்பு ஓடுகிறது, கிழிந்தால் அந்த வழியில்தான் கிழியும். குத்தினால் பொத்துக்கொள்ளும் என்றுதான் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டார்கள் என்பார்கள். பிளேடு கட்டை ஏன் அவ்வளவு சுலபமாக வேலை செய்தது என்பதும் இதனால்தான். நானாகக் கண்டுபிடித்தேன் என்று நினைத்ததில் பாதி ஓலையே செய்த வேலை.

மே 2

சாயம். சுருக்கமாக எழுதுகிறேன், வீட்டில் இந்தப் பேச்சே கூடாது.

கொதிக்கும் தண்ணீரில் சாயப்பொடியைக் கரைத்து ஓலையை அதில் போட்டு வேகவைக்க வேண்டும். முடைவதற்கு முன்னால், நாடாவாக இருக்கும்போதே. நான் சாதம் வடிக்கும் பானையில் செய்தேன். பானை இப்போது ஓலைக்கே சொந்தம். புதிய பானை வாங்கியாகிவிட்டது. சிவப்பு ஓலையை ஈரம் காயாமல் வெள்ளை ஓலையோடு சேர்த்து முடைந்தால் வெள்ளையும் இளஞ்சிவப்பாகிவிடும் என்பதையும் கற்றுக்கொண்டேன். "பரவாயில்லை, கல்யாணப் பெட்டிபோல இருக்கிறது" என்றாள் ஆச்சி. என் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு ஆதரவாக வந்ததில்லை.

மே 4

இத்தனை ஓலையை வீணாக்குகிறாயே, மரம் என்னாவது என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். நியாயமான கோபம். எட்டு குருத்தோலை இதுவரை என் கையில் நாசமாகியிருக்கிறது.

பனையேறுகிறவரிடம் கேட்டேன். ஒரு மரத்தில் ஒரு குருத்துக்குமேல் அவர் தொடுவதில்லை. அடுத்த குருத்து வந்து விரிந்தபிறகே அந்த மரத்துக்குத் திரும்புவார். பனைக்குக் கிளை கிடையாது, உச்சியில் ஒரே ஒரு வளர்முனைதான். அடிக்குருத்து வரை அறுத்துவிட்டால் மரத்துக்கு வேறு வழியில்லை, செத்துப்போகும். எட்டும் எட்டு மரத்திலிருந்து வந்தவை என்று சத்தியம் செய்தார்.

மரத்தை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது நினைவிருக்கலாம். நல்லதுதான். ஆனால் மரம் நின்றால் மட்டும் ஓலை இறங்கிவிடாது. ஏறுவதற்கு ஆள் வேண்டும். எனக்கு ஓலை தருகிறவருக்கு இரண்டு மகன்கள். இருவரும் ஏறுவதில்லை. ஏறச் சொல்ல அவருக்கும் மனமில்லை. இதை இங்கேயே விடுகிறேன், பேச்சு வேறெங்கோ போகிறது.

இனி பழகுவதற்குத் தாள் நாடாவைப் பயன்படுத்துகிறேன். மூலை எழுப்பும் பழக்கத்துக்குத் தாள் போதும். பதம் பழகத்தான் ஓலை வேண்டும்.

மே 11

ஏப்ரல் 2-இல் எழுதியதை இன்று திரும்பப் பெறுகிறேன். யாரும் கைதட்ட வேண்டாம்.

ஆச்சி முடைந்த பெட்டி ஒன்றை எடுத்து அளந்தேன். பழைய பெட்டி, வெற்றிலைப் பெட்டி. என் அளவுகோலின்படி அதன் ஓலைகள் சில 8 மி.மீ., சில 12 மி.மீ. ஒரே ஓலை ஒரு முனையில் பருத்தும் மறுமுனையில் மெலிந்தும் இருக்கிறது. ஓலை இயற்கையில் அப்படித்தான் இருக்கிறது, நுனிக்குப் போகப்போக ஒடுங்குகிறது. ஆனால் பெட்டியைத் தட்டில் வைத்தால் ஆடவில்லை. வாய் கச்சிதமான வட்டம். விளக்குக்கு எதிரே பிடித்தேன். ஒரு பொட்டு ஒளி இல்லை.

என் பெட்டியில் எல்லா ஓலையும் பிளேடு வெட்டிய 10 மி.மீ. ஒளி நாற்பது இடத்தில் தெரிகிறது.

அவள் முடைவதைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். முதலில் ஓலையைத் தண்ணீரில் முக்கவேயில்லை. ஈரத்துணியால் ஒருமுறை உருவி, அதே துணியில் சுற்றி வைத்தாள். வெற்றிலை போட்டு முடிக்கும் நேரம்தான் கணக்கு. பிறகு ஒன்றை எடுத்து ஆள்காட்டி விரலில் இறுக்கிச் சுற்றி, காதருகே கொண்டுபோனாள். அவளுக்குக் காது சரியாகக் கேட்காது. வாசலில் பஸ் நின்று ஹாரன் அடித்தாலும் திரும்பமாட்டாள். ஓலை மெல்ல முனகுவது கேட்கிறதாம். முனகினால் இன்னும் கொஞ்சம் துணியில் இருக்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் ஈரம் கூடிப்போயிற்று, காற்றாட விட வேண்டும். லேசாகச் சரசரத்தால் எடுத்து முடையலாம்.

பிறகு முடைதல். ஓலையைப் போட்டதும் வலது கட்டை விரல் நகம் அதன் விளிம்பை நெருக்கித் தள்ளுகிறது. பருத்த இடம் வந்தால் பக்கத்து ஓலையின் மெலிந்த இடத்தைப் பார்த்துச் சற்றே முன்பின் இழுத்துவிடுகிறாள். கண் அதைப் பார்ப்பதாகத் தெரியவில்லை, என்னிடம் யாருடைய மகள் யாருடன் போனாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வரிசை முடிந்ததும் உள்ளங்கையால் ஒரு தட்டு. அவ்வளவுதான்.

கணக்கு பொய்யில்லை. அது எண்ணிக்கைக்கும் நீளத்துக்கும் உதவும். அதற்குமேல் என்னிடம் இருந்தது பிளேடு மட்டும்.

மே 12

"இதைத்தான் பதினோரு பேரும் அன்று சொன்னோம்" என்று எழுதியவருக்கு: இல்லை, நீங்கள் "முடியாது" என்று மட்டும்தான் சொன்னீர்கள். ஏன் முடியாது என்று ஒருவரும் சொல்லவில்லை. மேலே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மே 18

ஆறாவது பெட்டி. வெடிப்பில்லை, ஒளி எட்டு இடத்தில் மட்டும். ஆனால் மேலே போகப்போக வாய் குறுகுகிறது. கடைசியில் பெட்டி தலைகீழாகக் கவிழ்த்த புனல்போல வந்துவிட்டது.

கணக்குப்படி வாயின் சுற்றளவு தரையின் சுற்றளவேதான், 45 செ.மீ. சொச்சம். சுருங்க வேண்டிய காரணமே இல்லை. உள்ளே ஒரு செம்பை வைத்து அதைச் சுற்றி முடைந்து பார்த்தேன். செம்பைத் தாண்டியதும் மறுபடி குறுகியது. ஆச்சி செம்பைப் பார்த்து வெகுநேரம் சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஒவ்வொரு ஓலையையும் இறுக்கும்போது நான் மேல்நோக்கி இழுக்கிறேனாம். "அது போகிற சாய்விலேயே இழு" என்றாள்.

அவ்வளவுதான் காரணம். மேலே இழுத்தால் 45 பாகைச் சாய்வு நிமிர்கிறது. ஓலை நிமிர நிமிரக் குழாய் நீண்டு ஒல்லியாகிறது. விடையைத் தெரிந்துகொண்டபின் இந்தக் கணக்கையும் போட்டுவிட்டேன். என் கணக்கெல்லாம் இப்படித்தான் பின்னால் வருகிறது.

தரை சதுரமாக இருந்தும் வாய் எப்படி வட்டமாகிறது என்று கேட்டவருக்கும் விடை இங்கேயே இருக்கிறது. மூலை என்பது அடியில் மட்டும்தான். சாய்ந்து ஏறும் ஓலைக்கு மேலே மூலை எதுவும் தெரியாது, சுற்றிக்கொண்டே போகிறது. நாலைந்து வரிசை தாண்டியதும் சதுரத்தை மறந்துவிடுகிறது. விளிம்பைக் கட்டினால் வட்டம் நிலைத்துவிடும்.

மே 19

கீழ்மூலையில் முக்கோணமாக ஒரு ஓட்டை விழுகிறது, அடைப்பது எப்படி என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். மற்ற இடங்களில் நான்கு கட்டங்கள் ஒரு புள்ளியில் கூடும். அந்த மூலையில் மட்டும் மூன்றே கட்டங்கள். அதனால்தான் ஓட்டை. முதல் வரிசையில் அடையாது. மூன்றாவது வரிசை வரை முடைந்துவிட்டு, மூலையின் மூன்று ஓலைகளையும் ஒவ்வொன்றாக, அதனதன் சாய்வில், மறுபடி இழுத்துவிடுங்கள். நான் முதல் வரிசையிலேயே இழுத்து இழுத்து ஓலையைப் பிய்த்தவன்.

ஜூன் 1

விளிம்பு. இதைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை.

உயரம் போதும் என்றதும் 64 முனைகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. ஒவ்வொன்றையும் மடக்கி, தான் வந்த நெசவுக்குள்ளேயே திரும்பச் சொருக வேண்டும். வெளியே மடக்கும்போது ஓலையின் பளபளப்பான முகம் உள்ளே போய் மங்கலான முதுகு வெளியே வரும். எல்லாவற்றையும் உள்பக்கமாகவே மடக்கினால் ஒழிய வெளியே புள்ளி புள்ளியாகத் தெரியும். நான் 20 முனைகளை வெளியே மடக்கியபின் இதைக் கவனித்தேன். பிரித்தேன். பிரித்ததில் மூன்று ஒடிந்தன. ஒடிந்தவற்றுக்குப் பக்கத்திலேயே புதுத் துண்டு சொருகி, நாலு கட்டம் உள்ளே ஓட்டி மறைத்தேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். ஆச்சி தூரத்திலிருந்தே விரலை நீட்டி அந்த மூன்று இடத்தையும் காட்டினாள்.

பிறகு நாலைந்து ஈர்க்கைச் சேர்த்து வாயைச் சுற்றி வளையமாக வைத்து, நாரால் சுற்றிக் கட்டினோம். நார் கிழிப்பதற்குள் கட்டை விரல் மறுபடி கிழிந்தது. அதே கருக்கு, அதே விரல்.

ஜூன் 8

ஆறாவது பெட்டி இப்போது ஆச்சியின் கட்டிலடியில் இருக்கிறது. நான் கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். உள்ளே மாத்திரை அட்டைகள், ஒரு கண்ணாடிக் கூடு, பழைய பஸ் டிக்கெட்டுகள். வெற்றிலையைத் தன் பழைய பெட்டியில்தான் வைத்திருக்கிறாள். இதில் வைத்தால் காற்றுப் புகுந்து வாடிவிடுமாம், எட்டு இடத்தில் ஒளி தெரிகிறதல்லவா.

ஏழாவதைத் தொடங்கியிருக்கிறேன். இந்தமுறை பிளேடு கட்டையை எடுக்கவில்லை, சத்தகமும் இல்லாததால் பேனாக் கத்தியால் கண்ணளவில் வார்ந்தேன். ஓலைகள் கன்னாபின்னா என்று இருக்கின்றன. ஈரத்துணியிலிருந்து ஒன்றை எடுத்து விரலில் சுற்றிக் காதில் வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பத்து நிமிடம் காற்றாட விட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். ஏதோ கேட்டதுபோல இருந்தது. மின்விசிறியாகவும் இருக்கலாம்.

யாழ்ப்பாணத்து நண்பருக்கு ஒரு கேள்வி: விளிம்பு கட்டி முடிக்கும்போது நாரின் கடைசி முனையை எங்கே மறைப்பீர்கள்? ஆச்சி அதைப் பல்லால் கடித்துத் துப்பிவிடுகிறாள். என்னால் அந்த ஒன்றை மட்டும் செய்ய முடியவில்லை.